தமிழ் வழியாக ஸ்பானிஷ் இலக்கணம்: முதல் படிகள்

என் அண்ணன் மகள் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வீடு கடலூர். தினமும் பஸ். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் பேச அங்கே ஆள் உண்டு. ஸ்பெயினிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் வருகிறவர்களோடு பேசத்தான் ஆள் இல்லை. அதனால் போனில் ஒரு செயலியைப் போட்டு ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நோட்டை என் முன்னால் வைத்தாள். "வார்த்தையெல்லாம் வருது அத்தை. கிராமர்தான் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு ஸ்பானிஷ் வாக்கியத்துக்கும் கீழே ஆங்கிலம். அதற்கும் கீழே பென்சிலில் பொடியாகத் தமிழ். "நடுவுல இருக்கிற இங்கிலீஷை அடிச்சிட்டுப் படிச்சுப் பாரு" என்றேன். இந்தக் கட்டுரை அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்தான்.

"ஆங்கிலம் தெரிந்தால் ஸ்பானிஷ் சுலபம்" என்று பலரும் சொல்கிறார்கள். சொற்களைப் பொறுத்தவரை அது சரி. லத்தீனிலிருந்து வந்த ஏராளமான சொற்கள் இரண்டு மொழிக்கும் பொது. இலக்கணத்தில் கதை வேறு. ஆங்கிலப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயம் போட்டு விளக்குகிற பல விஷயங்கள், தமிழ் பேசுகிறவர் தினமும் யோசிக்காமல் செய்பவை. இரண்டு மொழிக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஸ்பானிஷ் லத்தீனின் பிள்ளை, தமிழ் திராவிட மொழி. இருந்தாலும் சில இடங்களில் இரண்டும் ஒரே மாதிரி யோசிக்கின்றன. எந்தெந்த இடம், எங்கே அந்த ஒற்றுமை முடிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும்.

## முதலில் காது

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும் தொல்லை இங்கே இல்லை. எழுதியபடியே வாசிக்கலாம். நம் ஊர் ஆங்கிலத்தில் 'ட' என்று சொல்கிற ஒலி ஸ்பானிஷில் 'த'. மெக்சிகோவின் தின்பண்டம் டாகோ அல்ல, தாகொ.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 'தம்பி' என்று சொல்லும்போது 'த' அழுத்தமாக வரும். 'அது' என்று சொல்லும்போது அதே எழுத்து, நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக வரும். ஸ்பானிஷிலும் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் மெல்லிய 'த' இப்படித்தான் குழைகிறது. 'நாத' என்றால் 'ஒன்றுமில்லை'. அதை 'அது' போலவே சொன்னால் போதும். ஆனால் நம் எழுத்தில் ப, த, க ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம்தான். ஸ்பானிஷில் இவற்றில் வன்மை, மென்மை என்று இரண்டு தனி ஒலிகள் உண்டு. அதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

தமிழருக்கு உண்மையிலேயே புதிதான ஒன்று அழுத்தம். ஒரு சொல்லில் ஏதோ ஒரு அசையை, அதாவது ஒரே வீச்சில் வாயிலிருந்து வரும் ஒரு துண்டை, மற்றவற்றைவிடப் பலமாகச் சொல்வதுதான் அழுத்தம். நாம் பேசும்போது இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நமக்குக் குறில், நெடில்தான் பொருளை மாற்றும். அதையே இங்கே பயன்படுத்திக்கொள்கிறேன்: ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் இடத்தில் பெரும்பாலும் நெடில் போடுகிறேன், மற்ற இடத்தில் குறில். உண்மையில் நம் நெடில் அளவுக்கு நீட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் ஊன்றினால் போதும்.

'தோமொ' என்றால் 'நான் குடிக்கிறேன்'. 'தொமோ' என்றால் 'அவர் குடித்தார்'. எழுத்துகள் அதே எழுத்துகள், ஊன்றும் இடம் மாறியதும் ஆளும் மாறிவிட்டார், காலமும் மாறிவிட்டது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். விதி சின்னது. சொல் உயிரொலியிலோ 'ன்', 'ஸ்' இரண்டில் ஒன்றிலோ முடிந்தால், கடைசிக்கு முந்திய அசையில் ஊன்ற வேண்டும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இரண்டையும் மீறும் சொல் என்றால், ஊன்ற வேண்டிய எழுத்தின் தலையில் அவர்களே ஒரு சிறு சாய்கோடு போட்டுவிடுவார்கள்.

## வினைச்சொல்லின் வால்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த ஞாபகம் இருக்கிறதா? 'படித்தேன்' என்ற சொல்லைப் பிரித்து, 'படி' பகுதி, அதாவது வேர். நடுவில் வரும் 'த்' இடைநிலை, அதாவது காலத்தைக் காட்டும் துண்டு. 'ஏன்' விகுதி, அதாவது யார் என்று சொல்லும் வால். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோன அந்தப் பாடம்தான் ஸ்பானிஷ் வினைக்கான சாவி.

'தொமார்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள், குடி என்று பொருள். கடைசியில் இருக்கும் 'ஆர்' வெறும் பெயர்ப்பலகை, அதைக் கழற்றி வைத்துவிடலாம். மிஞ்சும் 'தொம்' பகுதி. இனி வால்களை ஒட்டுவோம். தோமொ, குடிக்கிறேன். தோமஸ், குடிக்கிறாய். தோம, குடிக்கிறார். தொமாமொஸ், குடிக்கிறோம். தோமன், குடிக்கிறார்கள். ஸ்பெயினில் மட்டும் நெருங்கியவர்கள் பலரைப் பார்த்துச் சொல்ல 'தொமாய்ஸ்' என்று ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நம் 'ஏன்' எங்கே இருக்கிறதோ அங்கே 'ஒ'. நம் 'ஓம்' இருக்கும் இடத்தில் 'மொஸ்'. நமக்கு ஆன், ஆள், ஆர், அது என்று நான்கு வால் இருக்கும் இடத்தில் ஸ்பானிஷ் ஒரே ஒரு 'அ'வை வைத்துக்கொண்டு அவன், அவள், அவர், அது எல்லோரையும் சமாளிக்கிறது. அந்த வகையில் நம் மொழிதான் கடினம். அதை நாம் மூன்று வயதிலேயே கற்றுவிட்டோம்.

காலம் காட்டும் துண்டும் பல இடங்களில் தனியாகத் தெரியும். 'தொமாபமொஸ்' என்றால் 'குடித்துக்கொண்டிருந்தோம்'. 'தொம்' பகுதி, 'ஆப' காலம், 'மொஸ்' ஆள். பகுதி, இடைநிலை, விகுதி என்று வரிசைகூட மாறவில்லை.

வினைகளில் மூன்று குடும்பம் உண்டு: 'ஆர்' என்று முடிபவை, 'ஏர்' என்று முடிபவை, 'ஈர்' என்று முடிபவை. 'கொமேர்' என்றால் சாப்பிடு. கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென். 'அ' இருந்த இடத்துக்கு 'எ' வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'விவீர்' என்றால் வாழ், வசி. அது பெரும்பாலும் 'ஏர்' குடும்பத்தோடே ஒத்துப்போகும், 'வசிக்கிறோம்' மட்டும் 'விவீமொஸ்'. மூன்று குடும்பமா என்று மலைக்க வேண்டாம். செய்தேன், நடந்தேன், படித்தேன், ஓடினேன், உண்டேன் என்று நம் வினைகள் எத்தனை விதமாக இறந்தகாலம் எடுக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

முறை தவறிய வினைகளும் உண்டு. 'இருக்கிறேன்', 'போகிறேன்', 'வருகிறேன்' மாதிரி தினமும் வாயில் புழங்குபவைதான் அப்படி. நம் 'வா' வருகிறேன், வந்தேன், வாருங்கள் என்று உருமாறுவதைப் போல. கைமாறிக்கொண்டே இருக்கும் காசு தேய்ந்துபோவதைப் போன்றதுதான். அவற்றைத் தனியாக உட்கார்ந்து உருப்போட வேண்டாம். தினமும் வருவதால் தானே படியும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஸ்பானிஷ் வினை என்பது பகுதி, காலத் துண்டு, ஆள் வால் மூன்றும் சேர்ந்த கோவை. எங்கே ஊன்றுகிறோம் என்பதும் அதில் சேர்த்தி.

## 'நான்' எங்கே போனது?

ஸ்பானிஷில் 'நான்' என்பதற்கு 'யோ' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் 'காபி குடிக்கிறேன்' என்று சொல்ல 'தோமொ கஃபே' போதும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் எல்லா வாக்கியத்திலும் 'யோ'வைச் சொருகிவிடுவார்கள். அண்ணன் மகள் நோட்டிலும் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து 'யோ' இருந்தது. தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான், நான், நான்' என்று பேசினால் கேட்பவர் என்ன நினைப்பார்? ஸ்பானிஷ் காதுக்கும் அப்படித்தான் இருக்கும். "நீ இல்ல, நான்தான் குடிக்கிறேன்" என்று வற்புறுத்தும்போதுதான் 'யோ' வேண்டும்.

இது ஏன் ஸ்பானிஷால் முடிகிறது, ஆங்கிலத்தால் முடியவில்லை? வால் காதில் விழுகிறதா என்பதுதான் விஷயம். பிரெஞ்சும் லத்தீனின் பிள்ளைதான். ஆனால் அங்கே பல வால்கள் எழுத்தில் மட்டும் இருக்கின்றன, பேச்சில் விழுங்கப்பட்டுவிட்டன. 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறார்கள்' மூன்றும் காதுக்கு 'பார்ல்' என்றே கேட்கும். எனவே பிரெஞ்சில் 'நான்', 'நீ' என்று முன்னால் சொல்லியே தீர வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஸ்பானிஷுக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான்.

இதே மாதிரியான வேறுபாடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மலையாளம் பேசும் மாகேயும் சேர்ந்தது. மலையாளத்தில் 'ஞான் போயி', 'அவன் போயி', 'அவர் போயி'. வால் உதிர்ந்துவிட்டது, ஆளை முன்னால் இருக்கும் சொல்தான் சொல்கிறது. தமிழில் போனேன், போனான், போனார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலையாளத்துக்கும் தமிழுக்கும் என்ன இடைவெளியோ அதுதான் பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும்.

மரியாதையும் நமக்குப் பழக்கமானதே. 'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் நீங்கள். இந்த உஸ்தேத், பழைய ஸ்பானிஷில் 'உங்கள் கருணை' என்ற பொருளில் ஒருவரை விளித்த இரண்டு சொற்கள் சுருங்கி வந்தது. அதனால் அதற்கு வரும் வினை 'நீ'க்கு உரியதல்ல, 'அவர்'க்கு உரியது: உஸ்தேத் தோம. எதிரில் நிற்பவரையே 'ஐயா எப்போது வருகிறார்?' என்று படர்க்கையில் கேட்கும் பழைய பணிவு நம் ஊரிலும் இருந்ததுதானே. விடுதி வேலைக்கு உஸ்தேத் போதும் என்று அவளிடம் சொன்னேன். வந்தவரே 'தூ' போட்டுப் பேசச் சொன்னால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## மேசை எப்படிப் பெண்ணானது?

ஸ்பானிஷ் என்றதும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசை பெண், புத்தகம் ஆண். 'ல மேஸ', 'எல் லீப்ரொ'. முன்னால் நிற்கும் 'எல்' ஆண்பாலுக்கான சுட்டு, 'ல' பெண்பாலுக்கான சுட்டு. நம் 'மேசை'யும் அவர்களுடைய 'மேஸ'வும் ஒரே சொல்தான். நமக்கு அது ஸ்பானிஷின் அக்காள் மொழியான போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவையே.

"ஸ்பானிஷ்காரர்கள் மேசையைப் பெண்ணாகப் பார்க்கிறார்கள்" என்று சொல்வது தவறு. யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. குழப்பம் 'பால்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு முதல் பொருள் பிரிவு. அறத்துப்பால், பொருட்பால் என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பகுப்பு மட்டும்தான். அவர்கள் இலக்கணத்தில் இதைக் குறிக்கும் சொல்லும் லத்தீனில் 'வகை' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்ததே.

இப்படிப் பாருங்கள். மரம், மரத்தை. படம், படத்தை. பணம், பணத்தை. வீடு, வீட்டை. ஆறு, ஆற்றை. 'மரமை' என்று நாம் ஏன் சொல்வதில்லை? மரத்தின் குணத்தாலா? இல்லை. அந்தச் சொல் 'அம்' என்று முடிகிறது, அந்தக் குடும்பத்துச் சொற்கள் 'த்து' சேர்த்துக்கொள்ளும். மரமும் பணமும் ஒரே குடும்பம் என்று சொன்னால் பொருளில் அர்த்தமில்லை, ஒலியில் இருக்கிறது. ஸ்பானிஷ் பாலும் இந்த மாதிரிச் சொற்குடும்பம்தான். பெரும்பாலும் 'அ'வில் முடிந்தால் பெண்பால், 'ஒ'வில் முடிந்தால் ஆண்பால்.

புதுச்சேரிக் கடற்கரையில் நின்றால் இதற்கு நல்ல சாட்சி கிடைக்கும். அதே கடல் பிரெஞ்சில் 'ல மேர்', பெண்பால். ஸ்பானிஷ் பொதுவழக்கில் 'எல் மார்', ஆண்பால். இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல், அங்கே அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. பால் தண்ணீரில் இருந்திருந்தால் மொழிக்கு மொழி மாறியிருக்காது.

நம் குடும்பத்துக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது, உழைப்பு தேவைப்படுவது அங்கேதான். நம் 'மரத்து' தன்னோடு நின்றுவிடும். அவர்கள் பால், பக்கத்தில் நிற்கும் சொற்களையும் தன் பக்கம் இழுக்கும். சிவப்பு மேசை 'ல மேஸ றோஹ'. சிவப்புப் புத்தகம் 'எல் லீப்ரொ றோஹொ'. சிவப்பு என்ற அடைமொழியும் மாறிவிட்டது. இந்த இழுப்புக்கு இயைபு என்று பெயர்.

விதிவிலக்குகள் அடிக்கடி வரும். கை என்பது 'ல மானொ', ஒ-வில் முடிந்தும் பெண்பால். நாள் என்பது 'எல் தீஅ', அ-வில் முடிந்தும் ஆண்பால். ஆகவே நோட்டில் 'மேஸ = மேசை' என்று எழுதாதீர்கள். 'ல மேஸ' என்று சுட்டோடு சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவர்களைவிட இப்படிச் சொல்லிப் பழகியவர்கள் குறைவாகத் தடுமாறுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

## எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலப் புத்தகங்கள் மிகவும் சிரமப்பட்டு விளக்கும் இடம் இது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானிஷில் 'மெ கூஸ்த எல் கஃபே'. இதில் 'கூ', 'அங்கு' என்பதில் வரும் 'கு' போல மென்மையானது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக முன்னால் வந்து நிற்கும். அதை அப்படியே மாற்றி 'யோ கூஸ்தொ' என்று எழுதிவிட்டு, அடிவாங்கி, பிறகு "இது தலைகீழ் வினை" என்று ஒரு விதியை மனப்பாடம் செய்வார்கள்.

நமக்குத் தலைகீழ் எங்கே இருக்கிறது? 'நான் காபி பிடிக்கிறேன்' என்று சொன்னால் வேறு அர்த்தமாகிவிடும். 'எனக்கு' என்றுதான் தொடங்குவோம். 'கு' என்ற உருபு சேர்ந்து வரும் இந்த வடிவத்துக்கு நான்காம் வேற்றுமை என்று பெயர். மெ, எனக்கு. தெ, உனக்கு. லெ, அவருக்கு. நொஸ், எங்களுக்கு அல்லது நமக்கு. லெஸ், அவர்களுக்கு. இதைச் சொன்னதும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்ளோதானா அத்தை? இதுக்கா ஒரு வாரம் உக்காந்தேன்?"

இதே அச்சில் இன்னும் பல உண்டு. 'மெ பரேஸெ', எனக்குத் தோன்றுகிறது. 'மெ துஏலெ ல கபேஸ', எனக்குத் தலை வலிக்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. 'என் தலை' என்று நாமும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 'எனக்கு' என்று சொன்ன பிறகு தலை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டாமே.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிடித்த பொருள் பன்மை என்றால் வினையும் பன்மையாகும். 'மெ கூஸ்தன் லொஸ் லீப்ரொஸ்', எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். நம் 'பிடிக்கும்' மாறாது, அவர்களுடைய 'கூஸ்த' மாறும்.

## பெண் பார்ப்பதும் பெண்ணைப் பார்ப்பதும்

'பையனுக்குப் பெண் பார்க்கிறோம்' என்றால், இன்னார் என்று முடிவாகாத ஒரு பெண். 'அந்தப் பெண்ணைப் பார்த்தோம்' என்றால் குறிப்பிட்ட ஒருத்தி. ஒரு சிறிய 'ஐ' இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது.

ஸ்பானிஷில் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக, அதாவது வினையின் தாக்கத்தை வாங்குபவராக, வரும்போது அவருக்கு முன்னால் 'அ' என்று ஒரு சின்னச் சொல் வரும். 'பூஸ்கொ' என்றால் தேடுகிறேன். 'பூஸ்கொ நோவிய' என்றால் காதலி தேடுகிறேன், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். 'பூஸ்கொ அ மி நோவிய' என்றால் என் காதலியைத் தேடுகிறேன், இங்கேதான் எங்கோ நிற்கிறாள். ஆங்கிலத்தில் இதற்கு இணையான குறி எதுவும் இல்லை. நம் 'ஐ'யும் அவர்கள் 'அ'வும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. நாம் புத்தகத்தையும் 'ஐ' போட்டுச் சொல்வோம், அவர்கள் பொதுவாக உயிரற்ற பொருளுக்கு 'அ' போட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## இரண்டு 'இரு'

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினை: 'ஸேர்', 'எஸ்தார்'. எந்த வகுப்பில் கேட்டாலும் "நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார்" என்பார்கள். இந்த விதியை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. 'இறந்துவிட்டார்' என்பதற்கு 'எஸ்தா முஏர்தொ', அதாவது எஸ்தார். சாவைவிட நிரந்தரம் எது? 'மணி மூன்று' என்பதற்கு ஸேர். மூன்று மணி எத்தனை நேரம் நிற்கும்? புதுச்சேரி கடலோரத்தில் இருக்கிறது என்பதற்கும் எஸ்தார். ஊர் எங்கும் நகர்ந்துவிடப் போவதில்லை.

சொல்லின் வேரைப் பார்த்தால் தெளியும். எஸ்தார் என்பது 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'நிலை' என்ற சொல்லும் 'நில்' என்பதிலிருந்து பிறந்ததுதான். எனவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: 'எந்த நிலையில், எங்கே நிற்கிறது?' என்று கேட்டால் பதில் எஸ்தார். 'யார், என்ன, எப்படிப்பட்டது?' என்று கேட்டால் பதில் ஸேர். இறந்த நிலை, சூடான நிலை, கடலூரில் இருக்கும் நிலை, எல்லாம் எஸ்தார். ஆசிரியர், தமிழர், உயரம், எல்லாம் ஸேர்.

தமிழில் ஒரு துப்பும் கிடைக்கிறது. 'நான் ஆசிரியர்', 'இது மேசை', 'மணி மூன்று'. இவற்றில் வினையே இல்லை. 'நான் கடலூரில் இருக்கிறேன்', 'காபி சூடாக இருக்கிறது'. இவற்றில் 'இரு' வருகிறது. வினை இல்லாமல் முடியும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஸேர் பக்கம் போகும். 'இரு' வந்தால் எஸ்தாருக்கு வாய்ப்பு அதிகம். 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதை 'அவள் உயரம்' என்றும் சொல்ல முடிகிறதே, அப்படிச் சுருக்க முடிந்தால் ஸேர். ஒரு நிகழ்ச்சி நடக்கும் இடத்தைச் சொல்லவும் ஸேர்தான். 'கல்யாணம் கடலூரில்' என்று நாமும் வினையில்லாமல் முடிக்கிறோம் அல்லவா? முழுக்கப் பொருந்தும் விதி என்று இதைச் சொல்ல மாட்டேன். நிரந்தரம், தற்காலிகம் என்ற விதியைவிட இது குறைவாகத்தான் கைவிடும்.

## தானே புயல் இரவு

இறந்தகாலமும் இரண்டு. இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் மறக்க முடியாத ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

அந்தக் கதையை யாரிடமாவது கேளுங்கள். "தூங்கிக்கிட்டிருந்தோம். காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு மரம் விழுந்துச்சு." முதல் இரண்டும் திரைச்சீலை, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது சம்பவம், ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. ஸ்பானிஷ் இந்த இரண்டையும் வேறு வேறு வாலால் காட்டுகிறது. 'தொர்மீஅமொஸ்', தூங்கிக்கொண்டிருந்தோம். 'கயோ எல் ஆர்பொல்', மரம் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்ததைத் தொடர் இறந்தகாலம் என்றும், முடிந்ததை முற்று இறந்தகாலம் என்றும் வைத்துக்கொள்வோம்.

'சின்ன வயதில் தினமும் சில்வர் பீச்சுக்குப் போவேன்' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'போவேன்' பார்க்க எதிர்காலம், சொல்வது பழைய வழக்கத்தை. ஸ்பானிஷில் இதுவும் தொடர் இறந்தகாலத்தில்தான் வரும். ஆகக் கதை சொல்லும்போது இரண்டு கேள்வி போதும். ஓடிக்கொண்டிருந்ததா, வழக்கமாக நடந்ததா? அப்படியென்றால் தொடர். நடந்து முடிந்ததா? அப்படியென்றால் முற்று.

## தமிழ் கைகொடுக்காத இடங்கள்

எல்லாவற்றையும் தமிழில் பொருத்திப் பார்க்க முடியாது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு இருபது வயது', 'எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்' மூன்றுக்கும் 'மெ' வரும் என்று நினைத்தால் தப்பு. ஸ்பானிஷில் 'வைத்திருக்கிறேன்' என்று பொருள்படும் 'தேங்கொ' வரும். பசியை வைத்திருக்கிறார்கள், வயதையும் வைத்திருக்கிறார்கள்.

சொல் வரிசையும் வேறு. 'என் பாட்டியின் வீடு' என்பது 'ல காஸ தெ மி அபுஏல'. நாம் கடைசியில் வைப்பது அவர்களுக்கு முதலில். கடலூரில் என்று நாம் பின்னால் ஒட்டும் 'இல்' அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கும்: 'என் கடலூர்'. இந்த 'என்' ஸ்பானிஷ் சொல், நம் 'என்னுடைய' அல்ல. 'நேற்று வந்த ஆள்' என்பதை 'ஆள், யார் நேற்று வந்தாரோ' என்கிற வரிசையில் சொல்வார்கள். இந்த மூன்றிலும் ஆங்கிலம்தான் நல்ல துணை, நோட்டில் அடித்த ஆங்கில வரியை இங்கே மட்டும் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் 'தெ கியேரொ' என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். 'தெ' உன்னை. 'கியேரொ' நேசிக்கிறேன். உன்னை நேசிக்கிறேன். அப்படியே தமிழ் வரிசை. உன்னை, அதை, என்னை போன்ற சின்னச் சொற்கள் மட்டும் வினைக்கு முன்னால் வந்துவிடும்.

## வாழ்க

கடைசியாக எல்லோரும் மிரட்டும் ஒன்று. நடந்ததையோ நடப்பதையோ சொல்லாமல், நடக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்ல ஸ்பானிஷ் வினைக்குத் தனி வடிவம் உண்டு. 'விவீர்' வினையின் 'வீவெ', வாழ்கிறார். 'வீவ', வாழ்க! ஊர்வலத்தில் அவர்கள் கத்தும் 'வீவ'வும் நம் மேடைகளில் ஒலிக்கும் 'வாழ்க'வும் ஒரே மாதிரியான வடிவங்கள். நம் இலக்கணத்தில் இதை வியங்கோள் என்கிறோம். வருக, வாழ்க, வரட்டும். அவர்கள் இதை இன்னும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதற்கெல்லாம் ஆறு மாதம் பேசிப் பழகிய பிறகு வரலாம்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன். இரவு சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகும் விருந்தினரிடம் 'கெ தெஸ்கான்ஸெ' என்று சொல்ல வேண்டும். நன்றாக ஓய்வெடுங்கள் என்று அர்த்தம், இதுவும் அந்த வியங்கோள் வடிவம்தான். அடுத்த வாரம் போன் செய்தாள். ஒரு வயதான அம்மாவிடம் சொன்னாளாம். அவர் படியில் நின்று, திரும்பிப் பார்த்து, "இகுஅல்மேந்தெ, ஈஹ" என்றாராம். அர்த்தம் கேட்டாள். உனக்கும் அப்படியே ஆகட்டும், மகளே என்றேன்.